ஐந்து பேருக்கான சம்பல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கோதுமை மா விலை ஏறியது.
2. கொழும்பில் பார்த்துவந்த சாப்பாட்டுக் கடை வேலையை விட்டுவிட்டு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார்.
3. வீட்டுச் சாமான் கணக்கு அம்மாவின் கையிலிருந்து மாமாவின் கைக்குப் போனது.
4. மலைக்கு அம்மா கொண்டுபோகும் பகல் கறி குறைக்கப்பட்டது.
5. சாமான் செலவு இறங்கியது.
6. அம்மாவின் சம்பளமும் இறங்கியது.

கடைசி இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று மாமாவுக்குத் தோன்றவில்லை. அவருக்கு எழுத்தராக இருந்த எனக்கும் தோன்றவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர் சொல்லவில்லை.

நான் அப்போது ஐந்தாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தேயிலைத் தோட்டம் பதுளைப் பக்கம், ஸ்பிரிங்வெளிக்கும் மேலே. தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கு நடந்து போகலாம். அங்கே கணக்குக்கு டீச்சர் கிடையாது. இல்லாவிட்டால் பதுளை டவுன் பள்ளிக்கு பஸ்ஸில் போக வேண்டும். டவுனில் இடம் கிடைக்கும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். பஸ் காசுக்குத்தான் வழியில்லை. எங்கள் பாதையில் ஓடியது தனியார் பஸ். அதில் பள்ளிப் பிள்ளைகளுக்கான சலுகைச் சீசன் டிக்கட் செல்லாது.

அப்பா கொழும்பில் கட்டட வேலையில் இருந்தார். அவர் அனுப்புவது கூரைத் தகரத்துக்கும் தம்பியின் இளைப்பு மருந்துக்கும் போய்விடும். அடுப்பு எரிந்தது அம்மா கொழுந்து பறித்து வாங்கும் சம்பளத்தில். ஆகவே அம்மா தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"சாப்பாட்டுல மிச்சம் புடிச்சா டவுன் பள்ளியோடம். புடிக்க முடியலேன்னா பக்கத்துத் தோட்டம். அவ்வளவுதான்."

ஜனவரிக்கு இன்னும் சில மாதங்கள் இருந்தன. இந்த நேரத்தில்தான் மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி. மூன்று வருடமாகக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் இருந்தவர். முதலாளியோடு ஒத்துவரவில்லை என்று சொன்னார். முதலாளி என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. வரும்போது துணிப்பைக்குள் ஒரு நீளக் கைப்பிடிக் கரண்டியும் வந்தது. அந்தக் கடையில் ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி கறி என்பது சட்டம். கடையில் எல்லோரும் அவரை நம்பி அந்தக் கரண்டியைக் கொடுத்திருந்தார்களாம்.

"கறி ஆக்குறது எல்லாருக்கும் தெரியும். போடுறதுலதான் இருக்கு லாபம்" என்றார் மாமா.

அம்மா சிரித்தார். ஆனால் பஸ் காசு என்ற வார்த்தை வந்ததும் சாமான் பையை அவரிடம் கொடுத்துவிட்டார்.

மாமா கெட்டிக்காரர். அதை இன்றைக்கும் சொல்வேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே இருந்த சில்லறைக் கடையில் செத்தல் மிளகாயும் மஞ்சளும் சின்னச் சின்னப் பைக்கட்டுகளாக வாங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பைக்கட்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால் பதுளை மொத்தக் கடையில் கிட்டத்தட்ட அதே காசுக்கு இரண்டு மடங்கு வாங்கலாம் என்று என்னை வைத்தே கணக்குப் போட வைத்தார். அந்த வயதில் எனக்குப் பிடித்த விளையாட்டு அதுதான். பெரிய பையின் விலையைச் சின்னப் பையின் எடைக்குக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பேன். எழுதியவுடன் எது ஏமாற்று என்று தெரிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மாமா என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்குவார். காலைச் சந்தைக்குப் போக மாட்டார். மற்றவர்கள் வாங்கி முடித்து, மரக்கறிக்காரர்கள் சாக்கைச் சுருட்டும் நேரத்துக்குத்தான் போவார். அந்த நேரத்தில் லீக்சும் வட்டக்காயும் தூக்கிக்கொண்டு போவதைவிடக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற நிலையில் இருக்கும். பிறகு மொத்தக் கடை. கடைக்காரரை எல்லோரும் நானா என்பார்கள்; தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

"நெத்திலில தலை உடைஞ்சது இருக்குமே நானா, அதக் காட்டுங்க" என்றார் மாமா முதல் நாள்.

"அது பூனைக்கு வாங்குறவங்க கேக்குறது தம்பி."

"நம்ம வீட்டுலயும் பூன மாதிரி மூணு பேரு இருக்காங்க."

நானா என்னைப் பார்த்தார். நான் பேனாவோடு நின்றேன். "இந்தப் பூன கணக்கு எழுதுதே" என்று சொல்லிவிட்டு உடைந்த நெத்திலியை நிறுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு கைப்பிடி அதிகம் போட்டார். மாமா அதையும் எழுதச் சொன்னார். இனாம் என்று எழுதினேன்.

வீட்டிலும் மாற்றங்கள் வந்தன. பருப்பில் வட்டக்காய் சேர்ந்தது. பேக்கரிப் பாண் நின்றது. ரொட்டி மாவில் முந்தின நாள் சோறு பிசைந்து சேர்க்கப்பட்டது. ரொட்டி மெதுவாக வந்தது, மாவும் மிஞ்சியது. உடைத்த தேங்காயின் மீதிப் பாதியில் உப்புத் தடவிக் கவிழ்த்து வைத்தால் இரண்டு நாள் தாங்கும் என்பதை மாமா கண்டுபிடித்தது போலச் சொன்னார். அம்மா அதைப் பதினைந்து வருடமாகச் செய்துகொண்டிருந்தார்.

முதல் இரண்டு வாரத்தில் மிஞ்சிய காசை மாமா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். டின் அடுப்படிப் பலகையில் இருந்தது. நான் பள்ளிவிட்டு வந்ததும் அதை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பேன்.

ஆனாலும் தேங்காய்க் கணக்கு மட்டும் மாமாவுக்கு நேராகவில்லை. நாங்கள் நான்கு பேர் வீட்டில் தின்பது இவ்வளவு, அப்படியென்றால் இத்தனை தேங்காய் போதும், ஆனால் போவது அதற்கு மேல். கடைசியில் கண்டுபிடித்தார். அம்மா பகல் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகும் டப்பாவில் அரைத் தேங்காயைத் துருவி அரைத்த சம்பல் போகிறது.

"என்னாக்கா, அரத் தேங்கா ஒத்த ஆளு திங்கிறியா?"

"பசிக்குது, திங்கிறேன்" என்றார் அம்மா.

மாமா நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை தேத்தண்ணிப் போத்தலைக் கையில் கொடுத்து என்னை மலைக்கு அனுப்பினார். போத்தல் ஒரு சாக்குத்தான். நான் போனது பார்த்து வரத்தான்.

தோட்டத்தில் எங்கள் டிவிஷன் பகுதியில், கொழுந்து எடுக்கும் மலை லயத்திலிருந்து தூரம். பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து போனால் நேரம் போய்விடும். ஆகவே பெண்கள் மலையிலேயே சாப்பிடுவார்கள். நான் போனபோது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு ஒன்றை நிலத்தில் விரித்து, அதைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டி அவரவர் மடியில். கறி எல்லாம் நடுவில். யாருடையது எது என்று பார்க்காமல் கை போய் வந்துகொண்டிருந்தது. அம்மாவின் சம்பல் டப்பாதான் முதலில் காலியானது.

நான் வீட்டுக்கு வந்து ஒழுங்காகச் சொன்னேன். அம்மாவின் சம்பலை ஐந்து பேர் தின்கிறார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் உருளைக்கிழங்கில் இரண்டு துண்டு, இன்னொருவரின் கீரை கொஞ்சம், மற்றொருவர் வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பில் பிசைந்து கொண்டுவந்தது. ஒருவர் ஊறுகாய்.

அன்று சாயந்திரம் மாமா இதை அம்மாவிடம் எடுத்தார்.

"அஞ்சு பேருக்கு அன்னதானம் நடத்துறியாக்கா?"

"அவுங்களும் குடுக்குறாங்கடா."

"என்னா குடுக்குறாங்க? தேங்காயக் குடுத்துட்டு பச்ச மொளகா வாங்கித் திங்கிற. எந்தக் கடையில இந்த யாவாரம் நடக்கும்?"

"அது கணக்குப் பாக்குற எடம் இல்ல, தம்பி."

"அப்ப புள்ளைக்கு பஸ் காசு?"

அம்மா திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி. நீ சொல்ற மாதிரியே வையி" என்றார்.

இப்போது நான் செய்யும் வேலையில், ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூட்டை சீமெந்து, எவ்வளவு கம்பி என்று மதிப்பிடும்போது சேதாரம் என்று தனி வரி போடுவோம். சிந்துவது, உடைவது, எங்கே போனது என்று தெரியாதது எல்லாம் அதில் சேரும். மாமா அன்று அம்மாவின் சம்பலை அந்த வரியில் போட்டார். நானும் போட்டிருப்பேன்.

திங்கட்கிழமையிலிருந்து அம்மாவின் டப்பா மாறியது. சின்ன டப்பா, கொழும்புக் கரண்டியில் ஒரு கரண்டி, மேலே தட்டி மட்டம் செய்தது. அம்மா அதைத்தான் எடுத்துப் போனார்.

அடுத்த சனிக்கிழமை நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது விரித்த படங்கைச் சுற்றி நான்கு பேர் இருந்தார்கள். அம்மா நிரையின் மறு கோடியில், தேயிலைச் செடிக்கு அந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா இங்க?"

"இங்கிட்டு நெழல் இருக்கு."

சுற்றிப் பார்த்தேன். நிழல் மற்றவர்கள் இருந்த பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். சொந்தப் பெரியம்மா இல்லை. லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருப்பவர். கொழுந்து எடுப்பதில் அவர் கை வேகத்துக்கு அந்த டிவிஷனில் ஆள் கிடையாது; வாயும் அதே வேகம்.

"என்னா புள்ள, ஒங்கம்மாவுக்கு நாங்க நாறுறமா?"

"இல்ல பெரியம்மா. அங்க நெழல் இருக்காம்."

"ஓ. வெயில்ல நெழலு. கொடுத்து வச்சவ" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த மாதச் சாமான் செலவு மாமா நினைத்ததைவிடக் குறைந்தது. பிறகு சம்பள நாள் வந்தது. சம்பளச் சீட்டைப் பார்த்த மாமா திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. எங்கள் தோட்டத்தில் அன்றன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோவை எடுத்தால்தான் ஒரு நாள் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். அந்தச் சீட்டில் அரைப் பேர்கள் நிறைய இருந்தன.

"வெயிலு" என்றார் மாமா. "கொழுந்து வரல. இது நம்ம கையில இல்ல."

வெயில் உண்மைதான். செடிகள் துளிர்க்காமல் நின்றன. மற்ற வீடுகளில் என்ன வந்தது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அடுத்த வீட்டுச் சம்பளத்தைக் கேட்பது லயத்தில் மரியாதை இல்லை. மாதக் கடைசியில் குறைந்ததை நிரப்ப, மாமா டின்னில் போட்டதை டின்னிலிருந்தே எடுத்தார். நான் சாயந்திரம் ஆட்டிப் பார்த்தபோது சத்தம் வரவில்லை. டவுன் பள்ளிக்கூடம் கொஞ்சம் தள்ளிப் போனது எனக்குப் புரிந்தது. மாமா மனம் தளரவில்லை. அடுத்த மாதம் சம்பலில் தேங்காயைக் குறைத்து வெங்காயத்தைக் கூட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் விட்டது. அம்மாவோடு சேர்ந்து வீட்டுக்கு வரலாம் என்று கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனேன். பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். முன்னால் கணக்கப்பிள்ளை தலை நிமிராமல் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குப் பின்னால் பெரியம்மா. தம்பி பிறந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது தோள் சரியில்லை. கை மேலே போனால் வலிக்கும். மற்றவர்களை எட்டிப் பிடிக்கக் கொஞ்சம் குறையும். அன்றைக்கும் குறையும் என்று அவர் கூடையைப் பார்த்தாலே தெரிந்தது.

பெரியம்மா தன் கூடையிலிருந்து இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி, அம்மாவின் கூடைப் பக்கம் கொண்டுவந்தார். அம்மா கூடையை நகர்த்திக்கொண்டார்.

"வேணாங்க்கா. இருக்கு."

"எங்க இருக்கு? எனக்குக் கண்ணு தெரியலயா?"

"போதும்க்கா."

"ஒரு மாசமா இதே பேச்சு. ரோசத்தத் தூக்கித் தராசுல போடு, எத்தன கிலோ வருதுன்னு பாப்போம்."

அம்மா முன்னால் போனார். கணக்கப்பிள்ளை நிறுத்தார். அரைப் பேர்.

நான் அங்கே நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தேன். பெரியம்மா செய்தது தவறு. ஒருவர் பறித்த கொழுந்தை இன்னொருவர் பேரில் நிறுக்கக் கூடாது. தெரிந்தால் இரண்டு பேருடைய பேரையும் வெட்டுவார்கள். அம்மா அதற்கு இணங்கவில்லை. பஸ் காசுக்கு இவ்வளவு கஷ்டம் இருந்தும் இணங்கவில்லை. என் அம்மா நேர்மையானவர்.

அந்த வாரம் டீச்சர் 'நான் மதிக்கும் ஒருவர்' என்று கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார். எனக்கு விஷயம் தேட வேண்டியிருக்கவில்லை. ஒரே இருப்பில் எழுதினேன். டீச்சர் படித்துவிட்டு, அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் வாசி என்றார்.

அன்று சாயந்திரம் வீட்டில் மாமாவுக்கு முன்னால் நின்று வாசித்துப் பழகினேன். அம்மா அடுப்படியில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார். ஒரு இடத்தில் இப்படி வரும்: "சிலர் பிறர் பறித்த கொழுந்தைத் தமது கூடையில் இட்டு முழுப் பேர் பெறுகின்றனர். என் தாய் அத்தகையவர் அல்லர். பக்கத்து வீட்டுப் பெரியம்மா வலிந்து கொடுத்தபோதும் மறுத்தார்."

"பேப்பர்ல போடலாம்" என்றார் மாமா.

அம்மா எழுந்து வந்தார். கையெல்லாம் மா.

"அதத் திரும்பப் படி."

படித்தேன்.

"அந்தப் பள்ளியோடத்துல கங்காணி மகளும் இருக்காதானே?"

"ஆமாம்மா. மொத வரிசையில நிப்பா."

அம்மா கட்டுரைத் தாளை என் கையிலிருந்து வாங்கினார். மடித்தார். திரும்பிப் போய் அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடியும்வரை பார்த்துவிட்டு மறுபடி மா பிசையத் தொடங்கினார்.

"வேற யாரப் பத்தியாச்சும் எழுது" என்றார்.

நான் அழுதேன். அழுது முடித்து, தபால்காரரைப் பற்றி எழுதினேன். அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. கட்டுரை நன்றாகவே வந்தது, கைதட்டலும் கிடைத்தது.

காலைக் கூட்டத்துக்குப் போகும் முன்பே வீட்டில் இன்னொன்று நடந்திருந்தது. எழுந்தபோது அடுப்படியில் அம்மி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா முழுத் தேங்காயைத் துருவி, செத்தல் மிளகாயும் உப்பும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சட்டியில் உடைந்த நெத்திலி, வெங்காயத்தோடு எண்ணெயில் பொரிந்தது. வாசனைக்கு மாமா போர்வையை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னாக்கா, யாருக்குக் கல்யாணம்?"

அம்மா பழைய பெரிய டப்பாவை எடுத்துக் கழுவினார்.

"மா, பருப்பு, மரக்கறி எல்லாம் ஒங்கணக்குத் தம்பி. நல்லாத்தான் பாக்குற. இந்த டப்பா எங்கணக்கு."

"புள்ளைக்கு பஸ் காசு எங்கருந்து வரும்?"

"வரும்" என்றார் அம்மா. டப்பாவில் சம்பலை அமுக்கி, மேலே நெத்திலியைப் பரப்பி, மூடி, துணியில் கட்டி எடுத்துக்கொண்டு காலைப் பெரட்டுக்குக் கிளம்பிவிட்டார். பேர் கூப்பிடும் நேரத்துக்கு அவர் ஒருநாளும் பிந்தியதில்லை.

சில நாள் கழித்து நான் மறுபடி மடுவத்துக்குப் போனேன். இந்த முறை பெரியம்மா கேட்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே அள்ளினார், பேசிக்கொண்டே போட்டார். அம்மா கூடையின் வாயை அகலமாகப் பிடித்துக்கொண்டார். இருவரும் மருமகள் ஒருத்தியைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை நிறுத்தார். முழுப் பேர்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் கேட்டேன்.

"அம்மா, அது பெரியம்மா கொழுந்துதானே?"

"ஆமா."

"அப்ப?"

"பேசாம பாத்து நட. வழுக்கும்."

மழை தொடங்கியிருந்தது. அது எனக்கு வேறு விதத்திலும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த மாதச் சம்பளம் ஏறியதும் மாமா மழையைத்தான் காரணம் சொன்னார். மழையும் தன் கரண்டியும் என்றார். கொழுந்து கூடியதும் உண்மை. பிஸ்கட் டின்னில் மறுபடி காசு விழுந்தது. இந்த முறை எடுக்க வேண்டி வரவில்லை. ஜனவரியில் நான் புதுச் சப்பாத்தோடு பதுளை பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் ஏற்றிவிட வந்த மாமா கண்டக்டரிடம், "இது நெத்திலித் தலையில சேத்த காசு, பாத்து எறக்கி விடுங்க" என்று சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அம்மாவைப் பற்றி நான் எடுத்த முடிவு வேறு. எரிந்த கட்டுரை எழுதியபோது உண்மையாக இருந்தது, பிறகு பொய்யாகிவிட்டது என்று முடிவு செய்தேன். ஒருவர் ஒரு மாதம் நேர்மையாக இருந்துவிட்டு, பிறகு அதை விட்டுவிட முடியும் என்பது எனக்கு அப்போது பெரிய ஏமாற்றமாக இருந்தது. டவுன் பள்ளியில் 'நான் மதிக்கும் ஒருவர்' மறுபடி வந்தபோது, அம்மாவை எழுதவில்லை.

அந்த மலையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விதி இருந்தது. நடுவில் வைக்காதவர் நடுவிலிருந்து எடுக்க மாட்டார். சம்பல் ஒரு கரண்டியான நாளில் அம்மாவால் அந்தப் படங்கைச் சுற்றி உட்கார முடியவில்லை. பகலில் கறிக்குக் கை நீட்ட முடியாதவர், சாயந்திரம் கொழுந்துக்கு எப்படிக் கூடையை நீட்டுவார்? யாரும் அவரைத் தள்ளி வைக்கவில்லை. பெரியம்மா அந்த மாதம் முழுதும் அள்ளிக்கொண்டு வந்தார். அம்மா தானாகத் தள்ளி உட்கார்ந்தார், தானாகக் கூடையை நகர்த்தினார். தோள் வலியோடு எடுத்த கொழுந்தில் குறைந்த அந்தச் சில கிலோவைத்தான் அதற்கு முன்னால் அன்றாடம் அந்த டப்பா நிரப்பிக்கொண்டிருந்தது. என்னை பஸ்ஸில் ஏற்றியது முழுப் பேர்கள். நான் நேர்மை என்று எழுதியதன் பெயர் வெட்கம். கட்டுரையை அடுப்பில் வைத்தபோது அம்மா காப்பாற்றியது பெரியம்மாவின் பேரை.

இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. முதல் வேலைக்குப் போன புதிதில், காசு மிச்சம் பிடிப்பதற்காக வெறும் சோறும் பருப்பும் கட்டிக்கொண்டு போனேன். பகலில் மற்றப் பெண்கள் மேசையைச் சேர்த்துப் போட்டுச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நின்று சாப்பிட்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் எழுந்து தேங்காய் உடைத்தேன்.

இப்போதைய நிலை. நான் பண்டாரவளையில் வேலை செய்கிறேன்; வாரக் கடைசியில் வீட்டுக்குப் போவேன். மாமா பதுளையில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார், பரவாயில்லாமல் போகிறது. தம்பி பள்ளியில் உயர்தர வகுப்புப் படிக்கிறான். மாதச் சாமானுக்கு நான்தான் கணக்குப் போடுகிறேன். பெரியம்மா போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டார். அவருடைய நிரையில் இப்போது அவர் மருமகள் நிற்கிறார், அவருக்கும் கை வேகம். அம்மாவின் தோள் வலி கூடியிருக்கிறது. இன்னும் மலைக்குப் போகிறார். பேர் முழுதாக விழுகிறது.